கடற்காற்று தாமதிக்கும் நாள்தான் மும்பையின் கத்திரி!

நம் ஊர்ப் பஞ்சாங்கத்தில் கத்திரி வெயிலுக்கு நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். மே 4-ந் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறக்கும். மே 28 வாக்கில் விடைபெறும். நெல்லைச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்து மூன்று தலைமுறை ஆன குடும்பங்கள்கூட அந்தக் கணக்கை விடவில்லை. கத்திரி இன்னும் பிறக்கவில்லையே, அதற்குள் என்ன இந்த வெயில் என்று மார்ச் மாதத்தில் தாராவியிலும் செம்பூரிலும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது வழக்கம்.

அந்தக் கணக்கு மும்பைக்குப் பொருந்தாது. இங்கே பாதரசம் உச்சத்துக்கு ஏறுவது பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான். சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தின் ஏப்ரல் மாத உச்சம் 42.2 டிகிரி செல்சியஸ். அது 1952 ஏப்ரல் 14-ந் தேதி பதிவானது. மார்ச் மாத உச்சம் 41.7 டிகிரி, 1956 மார்ச் 28-ந் தேதி பதிவானது. அண்மையில் 2021 மார்ச் 27 அன்று 40.9 டிகிரி. 2025-ல் பிப்ரவரி கடைசி வாரத்திலேயே 38 டிகிரியைத் தாண்டி, வெப்ப அலை எச்சரிக்கையும் வந்துவிட்டது. பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்து அப்போது ஆறு வாரம்தான் ஆகியிருந்தது!

ஆகவே, மும்பையில் இருக்கும் நாம் வெயிலுக்குப் பஞ்சாங்கம் பார்ப்பதை விட்டுக் காற்றைப் பார்க்கப் பழக வேண்டும். இது வீண் பேச்சல்ல. பல உயிர்களைக் காக்கக்கூடிய பழக்கம்.

காற்று எங்கிருந்து வருகிறது?

பகலில் தரை சீக்கிரம் சூடாகிறது. கடல் மெதுவாகச் சூடாகிறது. சூடான தரைமேல் உள்ள காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. சாதாரண நாளில் மும்பைக்கு இந்தக் கடற்காற்று நண்பகலை ஒட்டி வந்துவிடும். வந்த உடனே பாதரசம் ஏறுவது நிற்கும். பிறகு வேர்க்குமே தவிர, வெயில் மேலும் கொதிக்காது.

ஆனால் சில நாட்களில் கிழக்கிலிருந்து, தக்காணத்து வறண்ட பூமியைத் தடவிக்கொண்டு காற்று பலமாக வீசும். அது கடற்காற்றை வாசலிலேயே தடுத்து நிறுத்திவிடும். பிற்பகல் 2 மணி, 3 மணி வரைக்கும் கடற்காற்று வராது. அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் வெப்பம் மளமளவென்று ஏறிவிடும். மும்பையின் பெரிய வெயில் நாட்கள் எல்லாம் இப்படிப்பட்ட நாட்களே. மே மாதத்தில் மேற்குக் காற்று நிலைத்துவிடுவதால் புழுக்கம் அதிகம் இருந்தாலும் பாதரசம் அந்த உயரத்துக்குப் போவது அபூர்வம்.

சென்னையிலும் இதே கதைதான், திசை மட்டும் மாறும். அங்கே கடல் கிழக்கே இருக்கிறது. மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக அடித்தால் கடற்காற்று தாமதிக்கும். 2003 மே மாதக் கடைசியில் சென்னை 45 டிகிரியைக் கண்டதே, நினைவிருக்கும்.

ஆஸ்திரேலியாவிலும் இதைக் காணலாம். சிட்னி நகரின் மேற்குப் பகுதியில்தான் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன. மேஸ் ஹில் முருகன் கோயிலும் அங்கேதான் இருக்கிறது. கடற்கரைக்கு வரும் குளிர்காற்று பல நாட்களில் அந்த மேற்குப் புறத்தை எட்டுவதில்லை. கடலிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் பென்ரித்தில் 2020 ஜனவரி 4-ந் தேதி 48.9 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. நம் நகரத்திலும் முதலில் குளிர்வது கொலாபா. உள்ளே தள்ளியிருக்கும் பகுதிகள் பிறகுதான் குளிரும்.

தீ கொன்றதும் வெயில் கொன்றதும்

ஆஸ்திரேலியா என்றதும் காட்டுத் தீ நினைவுக்கு வரும். 2009 பிப்ரவரி 7-ந் தேதி சனிக்கிழமை விக்டோரியா மாநிலத்தில் மூண்ட தீயில் 173 பேர் மாண்டனர். அன்று மெல்போர்ன் நகரில் 46.4 டிகிரி. உள்நாட்டுப் பாலையிலிருந்து வடக்குக் காற்று அனலாக வீசியது. மாலையில் திசை மாறித் தெற்கிலிருந்து காற்று வந்தபோது, நீளவாக்கில் எரிந்துகொண்டிருந்த தீயின் பக்கவாட்டு முழுவதும் முன்முகமாகிவிட்டது. உலகம் முழுவதும் அந்தச் செய்தி பரவியது. அந்த நாளை அங்கே 'கறுப்புச் சனி' என்றே அழைக்கிறார்கள்.

ஆனால் அதற்கு முந்திய வாரத்தில் நடந்தது அவ்வளவாக வெளியே தெரியவில்லை. ஜனவரி 28, 29, 30 ஆகிய மூன்று நாட்களும் மெல்போர்னில் தொடர்ந்து 43 டிகிரிக்கு மேல் வெயில். பின்னால் மாநிலச் சுகாதார அதிகாரிகள் கணக்கெடுத்தார்கள். வழக்கமாக அந்த வாரத்தில் நேரும் சாவுகளைவிட 374 சாவுகள் கூடுதலாக நேர்ந்திருந்தன. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். தீப்பிழம்பு இல்லை, புகைப்படம் இல்லை, தீயணைப்பு வண்டிச் சத்தம் இல்லை. வீட்டுக்குள்ளே ஓசையில்லாமல் போனார்கள்.

தீ கொன்றது 173 பேரை. வெயில் கொன்றது அதைப்போல் இரு மடங்குக்கும் மேல்!

2019-20 கோடையில் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி மாதக்கணக்கில் எரிந்தது. தீயில் நேராகச் சிக்கி இறந்தவர்கள் 33 பேர். புகையைச் சுவாசித்ததால் நேர்ந்த கூடுதல் சாவுகள் 417 என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். இங்கும் கண்ணுக்குத் தெரிந்த தீயைவிடத் தெரியாத புகையே அதிகம் பேரைக் கொண்டுபோயிற்று.

இந்தக் கணக்கு மும்பைக்கு நன்றாகவே பொருந்தும். நமக்கு யூக்கலிப்டஸ் காடு இல்லை. ஆனால் வெயிலும் உண்டு, புகையும் உண்டு.

செம்பூர் கண்ட புகை

செம்பூர், கோவண்டி, மான்கூர்டு, சீத்தா கேம்ப் வாசிகளுக்கு தேவ்நார் குப்பைமேட்டைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை. 1927 முதல் இந்த நகரம் கழித்ததெல்லாம் அங்கே மலையாகக் குவிந்திருக்கிறது. அழுகும் குப்பையில் மீத்தேன் வாயு உண்டாகிறது. அது எளிதில் தீப்பற்றக்கூடியது. மேலே வறண்ட காகிதமும் பிளாஸ்டிக்கும், உள்ளே எரிவாயு, அதன்மேல் வறண்ட காற்று. காட்டுத் தீக்கு வேண்டிய அத்தனையும் காடு இல்லாமலே அங்கே சேர்ந்துவிடுகின்றன.

2016 ஜனவரிக் கடைசியில் அந்த மேடு பற்றிக்கொண்டது. நாட்கணக்கில் உள்ளுக்குள்ளே கனன்றது. குளிர்கால அதிகாலையில் காற்று மேலே எழும்பாமல் தாழவே தங்குமாதலால், புகை தெருக்களிலேயே படுத்துக்கிடந்தது. அக்கம்பக்கத்து மாநகராட்சிப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். வானத்திலிருந்து செயற்கைக்கோள் எடுத்த படத்திலும் அந்தப் புகை தெரிந்தது. மார்ச் மாதத்தில் மறுபடியும் தீப்பிடித்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காக தேவ்நார் குப்பைமேட்டு நிலத்தின் ஒரு பகுதியை ஒதுக்க மாநில அமைச்சரவை 2024-ல் முடிவு செய்தது. தாராவித் தமிழர்களில் சிலர் நாளை அங்கே குடியேற நேரலாம். ஆகவே தேவ்நார்த் தீ செம்பூர்க்காரர் கவலை மட்டும் அல்ல. நிலத்தைச் சுத்தம் செய்து, வாயுவை வெளியேற்றிய பிறகே வீடு கட்டப்படுகிறதா என்று தாராவி மக்களும் விழிப்புடன் கேட்க வேண்டும்.

காட்டுத் தீயும் நமக்குப் புதிதல்ல. 2018 டிசம்பர் 3-ந் தேதி கோரேகாவ் கிழக்கே குன்றுக் காடு இரவெல்லாம் எரிந்தது. அதே ஆண்டு மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறச் சென்றவர்களைக் காய்ந்த புல்லில் பரவிய தீ சூழ்ந்துகொண்டது. 20 பேருக்கு மேல் உயிரிழந்ததைத் தமிழகம் மறக்கவில்லை.

தகரத்துக்குக் கீழே

வானிலை நிலையத்தில் வெப்பமானியை எங்கே வைக்கிறார்கள் தெரியுமா? காற்றுப் புகும்படி இடுக்குகள் விட்ட வெள்ளை மரப்பெட்டிக்குள். நேர் வெயில் படாமல், தரையிலிருந்து மார்பளவு உயரத்தில். சரியான அளவு கிடைக்க வேண்டும் என்றால் அப்படித்தான் வைக்க வேண்டும். ஆனால் தாராவியில் தகரக் கூரைக்குக் கீழே தையல் இயந்திரம் மிதிப்பவருக்கு அந்த வெள்ளைப் பெட்டி கிடையாது!

ஏணியில் ஏறிப் போகும் மேல்தளம். தலை நிமிர்ந்தால் தகரம் இடிக்கும். தகரம் வெயிலை வாங்கி அப்படியே கீழே அனலாக இறக்குகிறது. ஒரே சன்னல், அதுவும் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்து. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி, கீழே அடுப்பு, மேலே மின்விசிறி. அந்த விசிறி சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கிறது. தோல் வேலை, தையல் வேலை, பிளாஸ்டிக் உருக்கும் வேலை, கும்பார்வாடாவில் பானை சுடும் சூளை, விடியற்காலையில் இட்லி அவிக்கும் வீடு, இவை எல்லாவற்றிலும் வெயிலோடு தொழிலின் சூடும் சேருகிறது. சாந்தாகுருஸில் 38 என்றால் இங்கே எவ்வளவு என்று எந்த வானொலியும் அறிவிப்பதில்லை.

கடலோர ஊருக்கு வெப்ப அலை என்று சொல்ல இந்திய வானிலைத் துறை வைத்திருக்கும் அளவு 37 டிகிரி. அது வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். சமவெளிக்கு 40 டிகிரி. கடலோரத்துக்குக் குறைவாக வைத்ததற்குக் காரணம் உண்டு. மனித உடம்பு வேர்வையை உலரவிட்டுத்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. கடற்கரை ஊரில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் வேர்வை உலராது, வழியும், அவ்வளவுதான். குளிர்ச்சி கிடைக்காது.

2023 ஏப்ரல் 16-ந் தேதி நவி மும்பை கார்கரில் ஓர் அரசு விருது விழா திறந்த மைதானத்தில் நடந்தது. லட்சக்கணக்கானோர் நிழலின்றி அமர்ந்திருந்தார்கள். அன்று வெயில் 38 டிகிரி அளவுதான். ஆனாலும் 14 பேர் மாண்டனர். பிறகே, கோடையில் நண்பகல் 12 முதல் மாலை 5 மணி வரை திறந்தவெளியில் அரசு நிகழ்ச்சிகள் கூடாது என்று அறிவிப்பு வந்தது. 38 டிகிரி என்பது செய்தித்தாளில் சிறிய எண். வெயிலில் உட்கார்ந்திருப்பவர் உடம்புக்கு அது சிறிய எண் அல்ல.

நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் விடியற்காலையில் சில மணி நேரம் மட்டும் குழாயில் தண்ணீர் வரும் சந்தில், அதைப் பிடித்து வைப்பதே ஒரு வேலை. இதில் பெண்களின் கஷ்டம் தனி. பொதுக் கழிப்பிடத்துக்கு நடக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும் என்பதற்காகவே பல பெண்கள் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். தண்ணீர் குடி என்று சொல்கிறவர்கள் கழிப்பிடத்தைப் பற்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கழிப்பிடம் கட்டுவதும் வெயில் தடுப்பு வேலையே!

தண்டவாளத்துக்கு உள்ள விதி

ரயில்வேயில் பேனா பிடிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வெயிலில் இரும்பு நீளும். நீள இடமில்லாவிட்டால் தண்டவாளம் பக்கவாட்டில் வளைந்துவிடும். 2009-ல் மெல்போர்னில் இப்படித்தான் தண்டவாளங்கள் வளைந்து நூற்றுக்கணக்கான ரயில்கள் ரத்தாயின. நம் ரயில்வேயில் இதற்குத் திட்டமான விதி இருக்கிறது. நீளத் தண்டவாளத்தை எந்த வெப்பநிலையில் இறுக்கமின்றிப் பொருத்தினார்களோ, அதைவிட 20 டிகிரி கூடினால் உடனே வெயில்காலக் காவல் நடை தொடங்க வேண்டும். ஆள் நடந்து போய்ப் பாதையைப் பார்ப்பார். ஆபத்து என்றால் சிவப்புக் கொடி காட்டுவார். ரயில் நிற்கும்.

எத்தனை டிகிரி என்பதோடு அந்த விதி நிற்கவில்லை. அந்த டிகிரி வந்தால் யார், என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்கிறது. ஆஸ்திரேலியர்களும் 173 உயிர்களைப் பறிகொடுத்த பிறகு இதைத்தான் கற்றுக்கொண்டார்கள். 2022 செப்டம்பர் முதல் நாடு முழுவதும் தீ அபாயத்துக்கு நான்கு படிகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டளை: திட்டமிட்டுக்கொள், தயாராக இரு, இப்போதே செயல்படு, கடைசிப் படியில், உயிர் பிழைக்க வேண்டுமானால் அந்த இடத்தை விட்டுப் போய்விடு!

நம் நாட்டிலும் வழிகாட்டி உண்டு. 2010 மே மாதத்தில் அகமதாபாதில் 46.8 டிகிரி வரை வெயில் கொளுத்தியபோது, அந்த ஒரே மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 சாவுகள் கூடுதலாக நேர்ந்தன. அதன்பின் 2013-ல் அந்த நகரம் வெப்பத் தடுப்புச் செயல் திட்டம் ஒன்றை வகுத்தது. தெற்கு ஆசியாவிலேயே அதுதான் முதல் திட்டம். முன்கூட்டியே எச்சரிக்கை, ஆஸ்பத்திரிகளில் ஏற்பாடு, ஏழைகள் வீட்டுக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு என்று வேலை நடந்தது. தமிழ்நாட்டு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்து, உயிரிழப்புக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் என்று ஆணையிட்டது.

தண்டவாளத்துக்கு இருக்கும் விதி மனிதனுக்கும் வேண்டாமா?

நாமே செய்யக்கூடியது

அரசாங்கம் செய்ய வேண்டியதைக் கேட்டுப் பெறுவோம். அதற்குள் நம் சந்துகளில் நாமே செய்யக்கூடியவை சில உண்டு.

காற்றைக் கவனியுங்கள். மார்ச், ஏப்ரலில் காலை 10, 11 மணிக்கும் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசி, உதடு காய்ந்து, கொடியில் போட்ட துணி நொடியில் உலர்ந்தால் அன்று கடற்காற்று தாமதிக்கப் போகிறது என்று கொள்ளலாம். வானிலைத் துறையின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையையும் அன்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட நாளில் வேலை நேரத்தை மாற்றுங்கள். அதிகாலையில் தொடங்கி நண்பகலில் நிறுத்தி, மாலையில் மீண்டும் தொடங்கலாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பட்டறைகளில் பலருக்குப் பீஸ் கணக்கில்தான் கூலி. வேலை நின்றால் கூலியும் நிற்கும். ஆகவே முதலாளிமார் இந்தச் சில நாட்களுக்கு மட்டும் மனம் வைத்து, தகரத்துக்கு அடியில் இருப்பவரைக் கீழ்த்தளத்துக்கு இறக்கி, நடுப்பகல் ஓய்வுக்குக் கூலி பிடிக்காமல் இருக்க வேண்டும். பட்டறை வைத்திருப்பவர்களில் நம்மவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களே முன்மாதிரியாக விளங்கலாம்.

கூரைக்கு வெள்ளையடியுங்கள். சுண்ணாம்பு பூசினாலும் தகரம் வாங்கும் வெயில் குறையும். மழையில் கரைந்தால் அடுத்த பிப்ரவரியில் மறுபடி பூச வேண்டும். சூட்டைத் தடுக்கக் கூரைக்குள் தெர்மோகோல் ஒட்டுவது வேண்டாம். அது எளிதில் தீப்பிடிக்கும்.

தனியாக இருக்கும் முதியவரை மதியமும் இரவும் ஒரு தரம் எட்டிப் பாருங்கள். மெல்போர்னில் இறந்தவர்களில் பெரும்பாலோர் அவர்களே. கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இருதய நோயாளிகள் ஆகியோருக்கும் கவனம் தேவை.

களைத்துப் போனவருக்கு ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். மோரும் எலுமிச்சை நீரும் நல்லவை. ஒருவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு கொதித்து மயங்கினாலோ அது வெப்பத் தாக்கு, உயிருக்கு ஆபத்து. 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வறண்ட காற்று நாளில் குப்பை கொளுத்தாதீர்கள். சந்தில் வைக்கும் சிறு நெருப்பும் பக்கத்துக் குடிசைத் தார்ப்பாயில் தாவும். தாவாவிட்டாலும் அதன் புகை அடுத்த வீட்டுக் குழந்தையின் நுரையீரலுக்குத்தான் போகும்.

கடைசியாக, நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில், தேவாலய, பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கொடை விழாவுக்கும் பொதுக்கூட்டத்துக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறோம். கடற்காற்று தாமதிக்கும் நாளில், காலை 10 மணிக்கு அதில் தமிழில் ஓர் அறிவிப்புச் செய்தால் என்ன? இன்று கிழக்குக் காற்று வீசுகிறது. நண்பகலுக்கு மேல் தகரக் கூரையின் கீழே வேலை வேண்டாம். அடுத்த வீட்டுப் பெரியவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற மூன்று வாக்கியம் போதும். காசு செலவில்லை. ஒரு கோடையில் ஓர் உயிர் பிழைத்தாலும் அது பெரிய புண்ணியம் அல்லவா?